தலையில் வைத்த கை

நெயாஃபு, வவாவு, டோங்கா
12 நவம்பர் 2002

அன்புள்ள கெலெப்பிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறேன். மழை வருவதை மட்டும் முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்?

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். ஞாயிறு விடியலில் உன் ரக்பி ஆட்டத்தை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த நான் பாதியில் அதை அணைத்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். அது உண்மை. ஓய்வுநாளில் விளையாட்டுக் கேட்பது பாவம் என்று அணைத்தேன் என்கிறார்கள். அது பொய். நீங்கள் ஆடிய இடத்தில் அப்போது சனிக்கிழமை மத்தியானம். கடவுளுக்கு உலக வரைபடம் தெரியும்.

பாய் முடையும் கொட்டகையில் அமேலியா என் காதுபடவே சொன்னாள்: "கன்னியாஸ்திரீங்க வளர்த்த பொண்ணு இல்லையா! சொந்த மருமகன் ஆடறப்பகூட ரேடியோவுக்கு முக்காடு போட்டுட்டா."

"அமேலியா, உன் பாயில ஓரம் கோணலாப் போகுது. முதல்ல அதைப் பாரு" என்றேன். கோணலாகத்தான் போயிருந்தது.

நான் அணைத்த காரணம் வேறு. "கெலெப்பி கீழே கிடக்கிறார்" என்றார் வர்ணனையாளர். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். அரங்கத்தின் கூரையைப் பற்றிப் பேசினார். பிறகு "இன்னும் கிடக்கிறார்" என்றார். கீழே ஒருவன் கிடக்கும்போது கூரையைப் பற்றிப் பேசுகிற குரலை நான் என் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் உன் சித்தப்பா பெத்தேலோ கோயில் வாசலிலேயே கத்துகிறான்: "எந்திரிச்சுட்டான் அக்கா! கடைசி வரைக்கும் ஆடினான். அவன் தலை தேங்காயில்ல, பாறை!" அக்கா முன்னால் வாயடக்கம் தெரியாத ஒரே தம்பி அவன். உன் அப்பா முறை தெரிந்தவன். நான் இருக்கும் அறைக்குள் வரமாட்டான், வந்தாலும் தரையைப் பார்த்து வானிலையைச் சொல்லிவிட்டுப் போவான். அதனால் எனக்கு வரும் செய்தியெல்லாம் பெத்தேலோவின் வாய் வழியாகத்தான் வருகிறது. இருந்தாலும் தலையை வைத்துக் கேலி வேண்டாம் என்று அவனை அதட்டினேன்.

எவ்வளவு நேரம் கிடந்தாய்? எழுந்தபோது எங்கே நிற்கிறாய் என்று உனக்குத் தெரிந்ததா? தொலைபேசியில் சொல்லாதே. உன் அப்பா வீட்டுத் தொலைபேசியைச் சுற்றி எப்போதும் ஒரு சபை கூடியிருக்கிறது. எழுது.

உனக்காக ஜெபமாலை உருட்டும்,
லெசியேலி அத்தை


கரோன் ஆற்றங்கரை, பிரான்ஸ்
3 டிசம்பர் 2002

மதிப்புக்குரிய அத்தைக்கு,

கெலெப்பி வணங்கி எழுதுவது. நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். நாங்கள் எல்லாரும் தேய்த்துக்கொள்வதுதான், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுகிற மாதிரி எழுதினால் நீங்கள் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவீர்கள் என்பதால் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆற்றின்மேல் பனிமூட்டம் மத்தியானம் வரை விலகுவதில்லை. பந்து மீன் போல வழுக்குகிறது. ஆனாலும் நாங்கள் பட்டியலில் மேலே ஏறிவிட்டோம். கீழ்வீட்டு ரொட்டிக்கடை அம்மாள் தினமும் என் முடியைப் பார்த்து, "இதுல ஒரு முழம் வெட்டிக் குடுப்பா, எங்க வீட்டுக்காரர் வழுக்கைக்கு ஒட்டி விடறேன்" என்கிறாள். "இது விற்பனைக்கில்லை, அத்தைக்குச் சொந்தம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். முடி இப்போது தோளைத் தாண்டிவிட்டது. இங்கே சின்னப் பிள்ளைகள்கூட அதே மாதிரி பொய்முடி வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறார்கள்.

இத்துடன் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த என் படத்தை அனுப்புகிறேன். அம்மாவிடம் காட்டுங்கள். பெத்தேலோ சித்தப்பாவிடமும் காட்டி, கிறிஸ்துமஸுக்கு எனக்காக ஒரு பன்றியின் காதையாவது எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பெரிய செய்தி. நான் ஆடும் சங்கம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் தருகிறது. அடுத்த அக்டோபரில் உலகக் கோப்பை. நாட்டின் அணிக்கு என்னைத் தலைவனாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அப்பா, "உன் அத்தை வாயிலேர்ந்து ஒரு சொல்லு வரட்டும், அப்புறம் கையெழுத்துப் போடு" என்கிறார். அத்தை வேண்டாம் என்றதைச் செய்து உருப்பட்டவன் நம் வீட்டில் யாரும் இல்லையே. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்றைய ஆட்டத்தில் ஒன்றுமில்லை அத்தை. சேறு. வழுக்கிவிட்டது.

உங்கள் பணிவான மருமகன்,
கெலெப்பி


ஆக்லாந்து
27 டிசம்பர் 2002

அன்புள்ள அத்தைக்கு,

பிறப்புத் திருநாள் வாழ்த்துகள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். வயிற்றில் இருப்பதும் நலம். ஏப்ரலில் என்கிறார்கள். அதுவரை மருத்துவமனையில் இரவு வேலை வேண்டாமென்று மாற்றிவிட்டார்கள்.

கெலெப்பி அண்ணன் ஆடிய அந்த நவம்பர் ஆட்டத்தின் பதிவை இங்கே ஒரு வீட்டில் போட்டார்கள். பெரியப்பா, மாமா பையன்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்ததால் நான் அடுக்களையில் நின்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணன் எதிரியை மறித்து வீழ்த்தும்போது, அவனுடைய முழங்கால் அண்ணன் நெற்றிப்பொட்டில் பட்டது. விழுந்தான். கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடி விறைத்து நின்றன அத்தை. அது மூளையில் பட்ட அடி என்பது ஒரு தாதிக்குத் தெரியும்.

பிறகு எழுந்தான். எழுந்து நேராக நடந்துபோய் எதிரணி வரிசையில் நின்றான். அவர்களில் ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, நம் பக்கம் அனுப்பினான். அரங்கமே சிரித்தது. இங்கே அறையிலும் சிரித்தார்கள். "பாருடா, அவனுங்களுக்கும் சேர்த்து ஆடறான் நம்ம ஆளு!"

நான் அவன் தங்கை. அவன் உடம்பைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது. அவனும் எனக்குப் பதில் சொல்ல முடியாது. அம்மா கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அப்பாவிடம் யார் கேட்பது? கேட்கவும், தடுக்கவும் உங்கள் ஒருவருக்குத்தான் உரிமை. கேளுங்கள் அத்தை. இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

அன்புடன்,
சேய்னி


நெயாஃபு
20 ஜனவரி 2003

அன்புள்ள கெலெப்பிக்கு,

நலம். தைலம் வந்தது. வேலை செய்கிறது, நீ சொன்னது போல நாறவும் செய்கிறது. பெத்தேலோ வீட்டுப் பூனை இரண்டு நாள் என்னைச் சுற்றிச்சுற்றி வந்தது.

உன் படம் இந்தத் தெருவில் எல்லார் கைக்கும் போய், எண்ணெய் விரல்கள் பட்டு, கடைசியாக என்னிடம் வந்தது. எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகளிடம் பிரம்படி வாங்கிப் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் படத்துக்குக் கீழே இருந்ததை நான் படித்தேன். "இரும்புத் தலை" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ஆட்டப் பருவத்தில் மூன்று தடவை உன்னைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்களாம். மூன்று தடவையும் நீ திரும்பி வந்து ஆடினாயாம். அதைப் பாராட்டு என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டில் அப்பன் தலையைப் பெற்ற பிள்ளைகூடத் தொடுவதில்லை. உன் தலையை ஒரு ஊரே சுத்தியலாக்கி வைத்திருக்கிறது. அதை நீ கத்தரித்து எனக்கு அனுப்புகிறாய்.

சேறு என்று எழுதினாய். சேறு ஒருவனை எதிரணி வரிசையில் கொண்டுபோய் நிறுத்துமா?

போன வாரம் உன் அப்பா என் அடுக்களைக் கதவுக்கு வெளியே வந்து நின்றான். முதுகைக் காட்டிக்கொண்டுதான். "அக்கா, காத்து திரும்புது" என்றான். "ஆமா" என்றேன். "புள்ள ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்" என்றான். "காத்து திரும்பட்டும்" என்றேன். போய்விட்டான். அடுத்த ஞாயிறு கோயிலில் எழுந்து, தன் மகன் உலகக் கோப்பையில் நாட்டின் கொடியைத் தூக்கப்போகிறான் என்று அறிவித்துவிட்டான். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அதையும் பார்த்திருப்பார்கள்.

நீ உண்மையை எழுதும்வரை என் சொல் என்னிடமே இருக்கும்.

லெசியேலி அத்தை


கரோன் ஆற்றங்கரை
18 பிப்ரவரி 2003

மதிப்புக்குரிய அத்தைக்கு,

நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே ஒரு தைலம் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் தேய்த்துக்கொள்வது, அனுப்புகிறேன்.

சேய்னி எழுதியிருப்பாள் என்று தெரிகிறது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. மருத்துவர் பார்த்தார். விரலை ஆட்டி, கண்ணில் விளக்கடித்து, மூன்று வாரம் ஓய்வெடு என்றார். பயிற்சியாளர், "மூணு வாரம் கழிச்சு உன் சட்டையில வேற ஒருத்தன் நிப்பான்" என்றார். அவர் மிரட்டவில்லை அத்தை, உள்ளதைச் சொன்னார். எனக்கு முப்பத்து மூன்று வயது. பெஞ்சில் இருபது வயதில் ஒரு பையன் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கால் ஆட்டிக்கொண்டிருந்தவன்தான்.

ஆட்ட உத்திகளுக்கான சங்கேத எண்களை இப்போது மணிக்கட்டில் ஒட்டும் வெள்ளை நாடாவில் எழுதி வைத்துக்கொள்கிறேன். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கீழ்வீட்டில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. அந்த அம்மாள் என் முடியைப் பார்த்து, "ஒரு முழம் வெட்டிக் குடு, எங்க வீட்டுக்காரர் வழுக்கைக்கு ஒட்டி விடறேன்" என்கிறாள். அத்தைக்குச் சொந்தமான முடி என்று சொல்லியிருக்கிறேன்.

ஒப்பந்தத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறேன்.

பணிவுடன்,
கெலெப்பி


நெயாஃபு
30 மார்ச் 2003

அன்புள்ள சேய்னிக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். இந்த நிலையில் நீ விமானம் ஏறாதது சரி. வருத்தப்படாதே. உன் பெத்தேலோ சித்தப்பாவை நல்லபடியாக அடக்கம் செய்தோம். துறையில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான், அவ்வளவுதான். ஊதுகுழல் வாத்தியக்காரர்கள் ஊர் முனை வரை வந்தார்கள். சாவுச் சீராக வந்த பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் கூரை உயரத்துக்குக் குவிந்தன. நான் அதட்டிப் பேச இனி எனக்கு ஒரு தம்பி இல்லை.

உன் அண்ணன் அடக்கத்துக்கு முந்தின மாலை வந்து சேர்ந்தான். சவப்பெட்டியின் முன்பக்கத்தை அவன்தான் தோளில் தாங்கினான். கல்லறை மேட்டில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அதைப் பார்த்து நான் தவறாக நினைத்துவிட்டேனோ என்று எனக்கே ஆறுதலாக இருந்தது.

அடக்கம் முடிந்து, வழக்கப்படி உங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கெல்லாம் நான் முடி வெட்டினேன். துக்கத்துக்குரிய கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கெலெப்பி கடைசி. மண்டியிட்டும் என் நெஞ்சுக்கு மேலே இருந்தான். சன்னல் பக்கம் அவன் முகத்தைத் திருப்பினேன். "அந்தப் பக்கம் வேண்டாம் அத்தை, வெளிச்சம் குத்துது" என்றான். மழை மேகம் மூடிய மத்தியானம் அது.

அமேலியா பின்னாலிருந்து, "பார்த்து வெட்டு லெசியேலி, பைபிள்ல ஒருத்தனுக்கு முடியோட பலமும் போச்சாம்" என்றாள். சாவு வீட்டிலும் சிரித்தார்கள். கெலெப்பியும் சிரித்தான். பின்னலை அறுத்தேன். அடியில் விரல் விட்டுப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் தையல் தழும்பு. அதற்கு மேலே இன்னொன்று. உச்சியில் ஒன்று. குழந்தையில் நான் தைலம் தேய்த்த தலை அது, எனக்குத் தெரியாத ஊர் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவன் கேட்டான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"அத்தை, இது யாரோட சாவு?"

தனக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, சேய்னி. திருடிவிட்டு வந்த பிள்ளை போலக் கேட்டான்.

"உன் பெத்தேலோ சித்தப்பா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அழுதான். அதுவரை அழுத அழுகை இல்லை அது. அப்போதுதான் செய்தி வந்தவனுடைய அழுகை. "பாவம், சித்தப்பன்னா உசிரு அவனுக்கு" என்றார்கள் பெண்கள். கத்தரிக்கோல் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கைகளையும் அவன் தலையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எடுக்க முடியவில்லை. வாசலில் உன் அப்பா நின்றிருந்தான். பார்த்துவிட்டுத் தலை குனிந்தான்.

அங்கேயே, அப்போதே, "இனி ஆடாதே" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் காரணம் கேட்பார்கள். பெத்தேலோவின் சாவு கெலெப்பியின் சாவாகிவிடும். தனியாகச் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் காலை பூசையிலிருந்து வருவதற்குள் சங்கத்திலிருந்து தொலைபேசி வந்து, உன் அப்பா அவனை விமானத்தில் ஏற்றிவிட்டான்.

நீ தாதி. அந்தத் தலைக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி இருக்கிறது என்று எழுதாதே. ஒன்றுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அத்தை


கரோன் ஆற்றங்கரை
24 ஏப்ரல் 2003

மதிப்புக்குரிய அத்தைக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். சேய்னிக்குப் பெண் குழந்தை என்று அம்மா சொன்னார். உங்கள் பெயரையே வைத்திருக்கிறார்களாமே! இனி அந்த வீட்டிலும் யாரும் கோணலாகப் பாய் முடைய முடியாது.

மொட்டைத் தலையோடு ஆடையறைக்குள் நுழைந்ததும் ஒரே கூச்சல். ரொட்டிக்கடை அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அடப்பாவி, யாருக்குக் குடுத்த?" என்றாள். "உரியவங்க எடுத்துக்கிட்டாங்க" என்றேன்.

அத்தை, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்பா தொலைபேசியில் சொன்னார்: "ஊரே பாத்துச்சுடா. அத்தை ரெண்டு கையையும் உன் தலையில வெச்சா. இதுக்கு மேல என்ன சொல்லு வேணும் உனக்கு?" எனக்கு அது சரியாக நினைவில்லை, அழுதுகொண்டிருந்தேன். ஆனால் அப்பா பார்த்திருக்கிறார், ஊர் பார்த்திருக்கிறது. போன வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூன் முதல் வாரம் இங்கே இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். முடிந்ததும் உலகக் கோப்பை முகாமுக்குத் தலைநகர் நுகுஅலோஃபா வருகிறேன்.

பெத்தேலோ சித்தப்பா பெயரை நாடாவில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். "பெத்தேலோ சித்தப்பா இல்லை" என்று. ஜெபத்தில் நினைத்துக்கொள்வதற்காகத்தான்.

உங்கள் ஆசி பெற்ற,
கெலெப்பி


12 மே 2003

தம்பி லிசியாதேவுக்கு,

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாலைதான். ஆனாலும் எழுதுகிறேன். பெத்தேலோ இருந்திருந்தால் எதிர்வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற முதல் டோங்காக்காரி என்று சிரித்திருப்பான். அவன் இருந்திருந்தால் எழுத வேண்டியிருக்காது. நீ நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நான் கெலெப்பியின் விளையாட்டுக்கு ஆசி கொடுத்துவிட்டேன் என்று நீ அவனிடம் சொல்லியிருக்கிறாய். கோயிலிலும் சொல்லியிருக்கிறாய். நான் கொடுக்கவில்லை. உன் மகன் காலையில் தூக்கிச் சுமந்த சவப்பெட்டியில் யார் இருந்தார்கள் என்று மத்தியானம் என்னிடம் கேட்டான். என் கை அப்படியே அவன் தலையில் நின்றுவிட்டது. நீ பார்த்தது அதைத்தான்.

நாம் இருவரும் முறை தவறாமல் வளர்ந்தோம். அறுபது வருஷமாகக் காற்றையும் மழையையும் பேசி வந்திருக்கிறோம். இன்று முறையை நான் மீறுகிறேன். அவனை ஆட வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். உனக்குத் தெரியாமல் சொல்லக்கூடாது என்பதற்காக இது. பதிலை அடுக்களை வாசலில் வைத்துவிடு.

உன் அக்கா


19 மே 2003

அக்காவுக்கு,

லிசியாதே எழுதுவது. உங்கள் உடம்புக்குச் சுகம் உண்டாகட்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அதனால் ஒரு வாரம் ஆயிற்று.

எனக்குத் தெரியும் அக்கா. ஜனவரியில் தொலைபேசியில் என்னைப் பெத்தேலோ சித்தப்பா என்று கூப்பிட்டுப் பேசினான். கடைசி வரைக்கும் அப்படியே பேசினான். நானும் பெத்தேலோவாகவே பேசிவிட்டு வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறுதான் கோயிலில் எழுந்து அறிவித்தேன். சத்தமாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

உங்கள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உலகக் கோப்பை மட்டும் முடியட்டும். பந்து வாங்க வழியில்லாமல் மாங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடின பையன். அவன் பேரை உலகம் ஒரு தடவை சொல்லட்டும். நாலே ஆட்டம்.

இதை அவன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என்னோடு பேசாமல் இருந்தவள் இப்போதுதான் வாயைத் திறந்தாள். "பேரைச் சொல்லப்போறது உலகம். பேரு மறந்து நிக்கப்போறது என் புள்ள" என்றாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

தம்பி
லிசியாதே


நெயாஃபு
21 மே 2003

அன்புள்ள கெலெப்பிக்கு,

நலமாக இருக்கிறேன். நீ நலமாக இல்லை. அதனால் உன் நலத்தை விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் உன் தலையில் கை வைத்து ஆசி கொடுத்தேன் என்று சொல்கிறார்கள். அது பொய். கைதவறி விழப்போகும் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். நீ என்னிடம் என்ன கேட்டாய் என்பது உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரிய வேண்டுமென்றால் வந்து கேள், சொல்கிறேன்.

இப்போது என் சொல். இனி நீ ஆடக்கூடாது. ஜூன் ஆட்டம் வேண்டாம். முகாம் வேண்டாம். உலகக் கோப்பை வேண்டாம். இந்தக் கடிதத்தை மடித்து வைத்த நிமிஷத்திலிருந்து வேண்டாம். உன் அப்பாவின் அக்காவாக இருந்து, உன்மேல் இதுவரை ஒரு தடவையும் பயன்படுத்தாத உரிமையை எடுத்துச் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதே என்பாய். சங்கத்தாரிடம் இதைக் காட்டு. அவர்களுக்குப் புரியாவிட்டால் இத்துடன் இருக்கும் இன்னொரு தாளைக் கொடு. பிரெஞ்சில் எழுதியிருக்கிறேன். அறுபது வருஷத்துக்கு முந்திய கன்னிமடத்துப் பிரெஞ்சு; மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவர்கள் மருத்துவர் உன் தலையை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பார்த்து முடித்ததும் ஆக்லாந்துக்குப் போ. சேய்னி இடம் ஏற்பாடு செய்கிறாள். அவள் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்.

ஊருக்கு என்ன சொல்வது என்று உன் அப்பாவுக்குக் கவலை. எனக்கு இல்லை. பிள்ளையில்லாதவள், கன்னிமடத்துத் திமிர் பிடித்தவள், தம்பி குடும்பம் உயர்வதைப் பொறுக்காமல் கெடுத்துவிட்டாள் என்று சொல்வார்கள். அமேலியா முடிக்கதையையும் சேர்த்துக்கொள்வாள். சொல்லட்டும். நான் திருத்தப் போவதில்லை. உன் தலையைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை தெரிய வேண்டியதில்லை. பயந்துபோய் விட்டான் என்று உன்னை யாரும் சொல்ல முடியாது. அத்தை சொல்லுக்குக் கட்டுப்பட்டவனைக் கோழை என்று சொல்லும் ஆள் இந்தத் தீவுகளில் இன்னும் பிறக்கவில்லை. உனக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது இது ஒன்றுதான். எடுத்துக்கொள்.

நாளைக்கு இந்தக் கடிதம் வந்ததே உனக்கு மறந்துபோகலாம். அதனால் இப்போதே எழுந்து உன் வெள்ளை நாடாவை எடு. அதில் பெரிய எழுத்தில் எழுது: "அத்தை வேண்டாம் என்றாள்." அதைக் கண்ணாடியில் சித்தப்பா பெயருக்குக் கீழே ஒட்டு. இன்னொன்று எழுதி மணிக்கட்டில் ஒட்டு. சங்கேத எண்கள் இருந்த இடத்தில். யாராவது சட்டையைக் கொடுத்து உள்ளே போ என்றால் மணிக்கட்டைப் பார்.

இந்த உறையைத் துறைமுகத் தபால்நிலையத்துக்கு எடுத்துப் போகப்போவது உன் அப்பா. ஒட்டாமல்தான் கொடுக்கிறேன். வழியில் படிப்பான். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அதில் வேறு கையெழுத்தில் ஏதாவது இருந்தால் அது அவனுடையது. ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒட்டி அனுப்பியவன் அவன்தான் என்பதை நினைத்துக்கொள்.

தொலைபேசியில் கூப்பிடாதே. எடுக்கமாட்டேன். இதற்கு முன்பே பதில் எழுதினோமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை எழுது. எத்தனை வந்தாலும் எனக்குப் பாரமில்லை. எனக்குக் கடிதம் வேண்டும், தேதி போட்டு, உன் கையால். பதில் எழுது.

லெசியேலி அத்தை